ஏலமலைக்குக் கிடார் பார்க்கப் போனோம்

கிடார் இருந்தது சாந்தன்பாறைக்குப் பக்கத்தில் ஒரு ஏலத் தோட்டத்தில். நாங்கள் இருந்தது பாலக்காட்டில், கோயில் தெருவில். எழுபதுகளின் நடுவில் இந்த இரண்டுக்கும் இடையே பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு, பூப்பாறை என்று ஐந்து ஊர்களும், நாலு பஸ்களும், அத்திம்பேரின் வாந்தியும் இருந்தன.

கிடார் வேண்டியிருந்தது என் தம்பிக்கு. பகலில் பாங்க் குமாஸ்தாவாக இருந்தவன், சாயங்காலமானால் ஒரு மெல்லிசைக் குழுவின் பின்னால் சுற்றுவான். அவனைச் சேர்த்துக்கொள்ள அவர்களுக்கும் மனம் இருந்தது. ஆனால் அவனிடம் இருந்த வட்டத் துளைக் கிடார் டிரம்ஸுக்கும் ஆர்மோனியத்துக்கும் நடுவில் யார் காதிலும் விழாது. கம்பியின் சத்தத்தை ஒலிபெருக்கிக்கு அனுப்பும் பிக்கப் வைத்த கிடாரோடு வந்தால் திருவிழா சீசனுக்கு எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். புதிதாக வாங்கப் போனால் அரை வருஷச் சம்பளம் போய்விடும். அப்போதுதான் குழுவின் பெரிய கிடார்க்காரர், சித்தூர்க்காரர், ஏலமலையில் ஒருவர் பழைய கிடார் ஒன்றை விற்கப்போகிறார் என்ற தகவலைக் கொண்டுவந்தார். வயலின் மாதிரி மேல்பலகை வளைந்து புடைத்தது, கல்கத்தாவில் செய்தது, பிக்கப்பும் உண்டு, விலையும் கையைக் கடிக்காது.

எங்கள் வீட்டில் ஒரு பொருளை வாங்குபவன் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வருவது என்பது கிடையாது. எனவே அத்திம்பேர் வந்தார். அத்திம்பேர் என்றால் என் அக்காவின் கணவர். மின்சார ஆபீஸில் பில் எழுதும் பிரிவில் இருந்தார். வாழ்நாளில் ஒரு வயரைத் தொட்டவர் இல்லை. ஆனால் மின்சார ஆபீஸ் என்ற ஒரே தகுதியில் எங்கள் தெருவின் எல்லா ரேடியோக்களும் அவருடைய பார்வைக்கு வந்தே தீரும். பிக்கப்பைப் பரிசோதிக்க அவரைவிட்டால் வேறு ஆள் கிடையாது என்பது அவருடைய அபிப்பிராயம்.

நான் போனது என் காதுக்காக. பன்னிரண்டு வருஷம் வீணை கற்றவள். ஸ்வரம் ஒரு மயிரிழை விலகினாலும் முகம் சுளிப்பேன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே சில சமயம் தேவையில்லாமலும் சுளிப்பேன். மூன்று பேராகப் போகக்கூடாது என்று அம்மா என் பையில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு எண்ணிக்கையை நாலாக்கினாள். பிறகு வாசல்வரை வந்து மறுபடியும் சொன்னாள்.

"அங்கே போய் ஆமாம்னும் சொல்லாதே, இல்லைன்னும் சொல்லாதே, கேட்டையா? ஊருக்குப் போய் எழுதறோம்னு மட்டும் சொல்லிட்டு வாங்கோ."

இந்த இடத்தில் 'எழுதறோம்' என்பதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதுவரை என்னை நாலு குடும்பங்கள் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தன. நாலு தடவையும் வீணை வாசித்தேன். நாலு தடவையும், ஊருக்குப் போய் எழுதறோம் என்றார்கள். ஒருவரும் எழுதவில்லை. எழுதவும் மாட்டார்கள், சம்மதம் என்றால் இரண்டு நாளில் ஆளே வந்துவிடும். முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது அநாகரிகம் என்பதால் எங்கள் பக்கத்தில் அதை இப்படிச் சொல்வார்கள். கேட்பவர்களுக்கும் அர்த்தம் தெரியும். தெரிந்தும் அம்மா பதினைந்து நாள் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்கு வந்து எதையாவது துடைத்துக்கொண்டிருப்பாள். நான் உள்ளே உட்கார்ந்து எனக்கு ஒன்றுமில்லை என்பது போலப் பத்திரிகை படிப்பேன். எனக்கு அது மகா அவமானமாக இருந்தது. எழுதாதவர்கள் மேல் வந்த கோபத்தையெல்லாம் வீணைக் கம்பியில் காட்டி, மாதம் ஒரு கம்பி அறுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் மூணாறில் அத்திம்பேரின் சிநேகிதர் வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் காலை தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கிடாரின் சொந்தக்காரர் அங்கே கண்டக்டர். பஸ் கண்டக்டர் இல்லை. தோட்டத்தில் வேலையாட்களை மேய்த்து வேலை வாங்குபவருக்கு அந்தப் பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய கிறிஸ்தவக் குடும்பம். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைச் சட்டையை அன்றைக்கென்றே தேய்த்துப் போட்டிருந்தார். தோட்டத்துத் தேவாலயத்தின் பாடகர் குழுவைப் பதினைந்து வருஷமாக அவர்தான் நடத்தி வந்தார் என்பதை அவருடைய மனைவி நாங்கள் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

டீ வந்தது. ஏலமலையில் ஏலக்காய் மணக்கும் என்று எதிர்பார்த்துக் குடித்தேன், இஞ்சிதான் போட்டிருந்தார்கள். ஏலக்காய் விற்பதற்கு என்று அந்த அம்மாள் சிரித்தார். அத்திம்பேர் வெளியில் எங்கும் எதையும் சாப்பிடமாட்டேன் என்ற கொள்கையை அறிவித்துவிட்டு, பழத்துக்குத் தோஷமில்லை என்று நாலு வாழைப்பழம் சாப்பிட்டார்.

பிறகு கிடாரைக் கொண்டுவந்தார்கள். சொன்னால் சிரிப்பீர்கள், உள்ளறையிலிருந்து ஒரு சேலைத் துண்டில் சுற்றி, அந்த அம்மாள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, எங்கள் முன்னால் பாயில் வைத்துவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். நானும் இப்படித்தான் வந்து உட்காருவேன். இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பது அதுவே முதல் தடவை. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்தப் பக்கத்தைவிட இது சௌகரியமாகவே இருந்தது.

அழகான வாத்தியம். பழுப்பு நிறம் ஓரங்களில் இருண்டு நடுவில் தேன் போல வெளுத்திருந்தது. வட்டத் துளைக்குப் பதிலாக இரண்டு பக்கமும் வயலினுக்கு இருப்பது போல நீண்டு சுழித்த துளைகள். கம்பிகள் அடியில் ஒரு உலோகப் பட்டையில் பிடித்து, மரக் குதிரையின் மேல் ஏறி, கழுத்தை நோக்கி ஓடின. கழுத்து முடியும் இடத்தில், கம்பிகளுக்கு அடியில், தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு தகரப் பெட்டி. அதுதான் பிக்கப். அதிலிருந்து ஒரு வயர், ஒரு குமிழ்.

"தொரை ஊருக்குப் போம்போது எனக்குக் குடுத்துட்டுப் போனது," என்றார் கண்டக்டர். "அவரு இத ஜாஸ் கிடார்னு சொல்லுவாரு."

அத்திம்பேர் யோசித்தார். "ஜாஸ் தனியா வருமா, இல்லே இதுக்குள்ளேயே இருக்கா?"

"அது ஒரு மாதிரி பாட்டுங்க ஐயா."

"பாட்டு வேண்டாம். எங்களுக்குக் கிடார் மட்டும் போதும்," என்றார் அத்திம்பேர், விலை குறையும் என்ற நம்பிக்கையோடு.

சித்தூர்க்காரர் தம்பிக்கு என்னென்ன பார்க்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். தம்பி அதன்படியே தலைமாட்டில் கண்ணை வைத்து, கழுத்து வளைந்திருக்கிறதா என்று கம்பு பார்ப்பது போலப் பார்த்தான். மேல்பலகையை விரல் முட்டியால் தட்டித் தட்டி, ஓட்டைச் சத்தம் வருகிறதா என்று கேட்டான். முகச்சவரக் கண்ணாடியால் டார்ச் வெளிச்சத்தைத் துளைக்குள் விட்டு, உள்ளே விரிசல் இருக்கிறதா என்று தேடினான். விரிசல் இல்லை. ஆனால் கிடாரைச் சாய்த்ததும் உள்ளே ஏதோ உருண்டது. குலுக்கியதில் ஐந்து ஏலக்காய் விழுந்தன. எலி கொண்டுபோய்ச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்த அம்மாளுக்கு வெட்கம் தாங்கவில்லை. அத்திம்பேர் ஒன்றை எடுத்து நசுக்கி முகர்ந்து, முதல் தரம் என்றார்.

அடுத்தது பிக்கப். அதற்கு ஒலிபெருக்கி ஏது? கண்டக்டர் வீட்டில் ஒரு பெரிய வால்வு ரேடியோ இருந்தது. அந்தக் காலத்து ரேடியோக்களின் முதுகில் கிராமபோனை இணைப்பதற்கென்று இரண்டு துளைகள் இருக்கும். கிடாரின் வயரை அதில்தான் சொருகுவாராம். அத்திம்பேர் தன் நேரம் வந்துவிட்டது என்று எழுந்தார். வயரைச் சொருகி, குமிழைத் திருப்பினார். ரேடியோ சூடாகி, 'உர்' என்று ஒரு இரைச்சல் கிளம்பியது. தம்பி கம்பிமேல் கையை வைத்ததும் அடங்கியது. எடுத்ததும் மறுபடி இரைந்தது.

"கேட்டேளா? தொட்டா அடங்கறது, விட்டா இரையறது. லீக்கேஜ் ஆக்கும்! ஷாக் அடிக்கும். அம்பி, செருப்பைப் போட்டுக்கோடா."

செருப்பு வாசலில் இருந்தது. அதற்குள் அந்த அம்மாள் பதறிப்போய்ச் சமையலறையிலிருந்து சப்பாத்திப் பலகையைக் கொண்டுவந்து போட, தம்பி அதன்மேல் ஏறி நின்று வாசித்தான். பிக்கப் கிடாரில் தன் அரங்கேற்றத்தை என் தம்பி சப்பாத்திப் பலகைமேல் நின்று நடத்தினான் என்பதை அவன் இன்றுவரை வெளியில் சொல்வதில்லை.

ஆனால் சத்தம்! அடிக் கம்பியை அவன் தட்டியதும் ரேடியோவின் துணி முகம் அதிர்ந்து, உருண்டு திரண்டு ஒரு நாதம் வந்தது. எங்கள் தம்பியின் பழைய கிடார் இதற்கு முன்னால் தகர டப்பா. பின்னணியில் மட்டும் ஒரு குரல் விடாமல் மிளகுக் கொடிக்கு மருந்து அடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. ரேடியோவின் அலைவரிசைக் குமிழைச் சரியாகத் திருப்பாததால் விவசாய நிகழ்ச்சியும் சேர்ந்து வந்துவிட்டது. அதையும் அத்திம்பேர் லீக்கேஜில் சேர்த்துக்கொண்டார்.

தம்பியின் விரல் கழுத்தில் மேலே ஏற ஏற, எனக்கு முகம் சுளித்தது. இந்தத் தடவை நிஜமாகவே சுளித்தது. வெறும் கம்பியாக மீட்டினால் ஆறும் சுத்தம். கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுகளில் அழுத்தி மேலே போனால் ஸ்வரம் ஏறி நின்றது. பன்னிரண்டாம் மெட்டில் கால் ஸ்வரம் தூக்கியிருக்கும். பிக்கப் அதை ரேடியோ வழியாக ஊருக்கே சொன்னது. கேட்டதை அப்படியே சொல்லிவிடுவது அதன் குணம். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லாத குணம்.

கண்டக்டர் வாசிப்பவனைப் பார்க்கவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போன வருசம் மழைக்குப் பொறவு மேலெல்லாம் பூஞ்சணம் புடிச்சுப்போச்சு," என்றார். "கம்பியக் கழத்தி நல்லாத் தொடச்சு, மெழுகு போட்டுத்தான் மாட்டுனேன். குறையொண்ணும் இல்ல."

நான் அத்திம்பேரையும் தம்பியையும் முற்றத்துக்குக் கூப்பிட்டு, கீழ்க் குரலில் தீர்ப்புச் சொன்னேன். வீணையில் மெட்டுகளை மெழுகில் பதித்திருப்பார்கள். வெயிலிலும் வருஷங்களிலும் அந்த மெழுகு இளகி, மெட்டுகள் இடம் மாறிவிடும். மறுபடி மெட்டுகளை இடம் பார்த்துப் பதிக்கவேண்டும், மேளம் கட்டுவது என்பார்கள். இதற்கும் மேளம் போய்விட்டது என்றேன். மரத்தில் அறைந்திருக்கும் மெட்டைப் பிடுங்கி மறுபடி கட்ட மலையாளக் கரையில் ஆளே கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டேன். அதை எங்கே தெரிந்துகொண்டேன் என்று என்னை யாரும் கேட்கவில்லை. காது உள்ளவள் சொன்னால் சரி. தம்பியின் முகம் விழுந்துவிட்டது.

விடைபெறும்போது கண்டக்டர் கேட்வரை வந்தார். விலையைப் பற்றிப் பேசுவார் என்று அத்திம்பேர் தயாராக இருந்தார். அவரோ என் பக்கம் திரும்பினார்.

"தாயி, ஒண்ணு கேக்கணும். ஒரு வருசமா நான் கிடார் புடிச்சுக் குடுக்குத ராகத்துக்குப் பாடுதவுகளுக்குச் சேரமாட்டேங்கு. கோயில் நடத்துத உபதேசியாரு நேரா சொல்லல, பொறத்தால பேசிக்கிடுதாக. எனக்குக் காது போச்சுதுன்னு நெனைக்கேன். அதான் இத வித்துட்டு, கோயிலுக்கு ஒரு ஆர்மோனியம் வாங்கிக் குடுத்துட்டு, பாட்டையும் வேற ஆளுட்ட விட்டுரலாம்னு. நீங்க சங்கீதம் படிச்சவுக. சொல்லுங்க, குறை கிடார்லயா, என் காதுலயா?"

எவ்வளவு நேரான கேள்வி. கிடாரில் என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் கிடாரில் குறை என்றால் அது விலையைப் பற்றிய பேச்சாகிவிடும். அம்மா சொன்னதும் ஞாபகம் வந்தது. அத்திம்பேர் வேறு கண்ணால் சைகை காட்டினார்.

"ஊருக்குப் போய் எழுதறோம்," என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "சரி தாயி. யோசிச்சே எழுதுங்க," என்று கைகூப்பினார்.

பஸ்ஸில் அத்திம்பேர், நல்ல பதில் சொன்னாய் என்று என்னைப் பாராட்டினார். எனக்கும் அன்று அது பெரிய சாமர்த்தியமாகவே பட்டது.

ஊர் திரும்பிய வாரமே என் தீர்ப்பு கிழிந்தது. தம்பி சித்தூர் போயிருந்தான். பெரிய கிடார்க்காரர் அங்கே காலேஜ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். தம்பி நான் சொன்ன மேளக் கதையை அவரிடம் சொல்ல, அவர் சிரித்த சிரிப்பில் சோதனைக் குழாய் ஒன்று உடைந்ததாம். தம்பி வீட்டுக்கு வந்து அவர் பேசியதை அப்படியே நடித்துக் காட்டினான்.

"ஏனுங்க தம்பி, மெட்டு எங்கீங்க நகரும்? குதிரையப் பாத்தீங்களா? அந்த மாதிரிக் கிடார்ல அது ஒட்டுனதே இல்லீங்க. கம்பியோட அழுத்தத்துல சும்மா நிக்கிறதுங்க. கம்பியக் கழட்டுனா கையோட வந்துரும். துடைச்சவங்க இடம் மாத்தி வெச்சிருப்பாங்க. பின்னால கொஞ்சம் தள்ளுனாத் தீந்துது போங்க!"

பன்னிரண்டாம் மெட்டின்மேல் விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டினால் ஒரு மணியோசை வரும்; அழுத்தி மீட்டினால் வரும் ஸ்வரமும் அதுவும் ஒன்றாகும்வரை குதிரையை நகர்த்தவேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். வீணையில் குதிரை அசையாது. அதனால் அசையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பன்னிரண்டு வருஷக் கல்வி எனக்குத் தந்தது இதுதான்.

நான் உடனே அவருக்கு எழுதிவிடலாம் என்றேன். அத்திம்பேர் பதறிவிட்டார்.

"என்ன அசடாக்கும் நீ? குறை இல்லைன்னு தெரிஞ்சா விலையை ஏத்திடுவன். பேசாம இரு. ரெண்டு மாசம் கிடக்கட்டும். கிறிஸ்துமஸ் பக்கத்திலே வரச்சே அவாளுக்கு ஆர்மோனியம் அவசரமாகும். பாதி விலைக்கு விழும்."

தம்பி என்னைப் பார்த்தான். அவன் கண்ணில் அந்தக் கிடாரே தெரிந்தது. நான் பேசாமல் இருந்தேன். இதை எழுதும்போது எனக்கு இப்போதும் நன்றாக இல்லை, ஆனால் இருந்தேன். பேசாமல் இருப்பது எங்கள் வீட்டில் பெண்களுக்கு நல்ல குணம் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள், நானும் வசதியாக அதற்குள் புகுந்துகொண்டேன்.

டிசம்பர் பிறந்ததும் ஒரு போஸ்ட் கார்டு வந்தது. அம்மா வழக்கம்போல வாசலில் துடைத்துக்கொண்டிருந்தவள், பெண் பார்த்துப் போனவர்கள் யாரோ எழுதிவிட்டார்கள் என்று ஆவலாக ஓடிவந்து வாங்கினாள். தம்பி பெயருக்கு வந்திருந்தது.

'ஸ்தோத்திரம். எழுதுகிறோம் என்று சொல்லிச் சென்றீர்கள். தபால் தவறிவிட்டதோ என்று நினைக்கிறேன். இடையில் கட்டப்பனையிலிருந்து ஒருவர் கேட்டு வந்தார். பாலக்காட்டுக்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் அம்மாளிடம் நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் போடச் சொல்லவும்.'

அத்திம்பேர் அதை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். "பாவம், எழுதறோம்னா எழுதுவான்னு நினைச்சுண்டிருக்கான்!" அம்மாவும் சிரித்தாள். அக்காவும் சிரித்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நாலு குடும்பங்களை நான் இரண்டு வருஷமாக மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் செய்ததையே ஒரு நல்ல மனிதருக்கு நான் செய்திருக்கிறேன். அவர்கள் எழுதமாட்டார்கள் என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது. இவருக்கு இத்தனை நாளாகியும் தெரியவில்லை.

"நான் நாளைக்கே போறேன்," என்றேன். அம்மா, ஒரு பெண் தனியாக மலைக்குப் போவதா என்றாள். அத்திம்பேர், விலை கெட்டுவிடும் என்றார். நான் கத்திய கத்தலில் தெருவே எங்கள் வாசலுக்கு வந்தது என்று அக்கா பிற்பாடு சொல்வாள். நாலு பேர் வந்தார்கள். அக்கா கொஞ்சம் கூட்டிச் சொல்வாள். தம்பி லீவு எழுதிப் போட்டுவிட்டு என்னுடன் கிளம்பினான்.

கண்டக்டர் எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது, கடிதம் போட்டிருந்தீர்களா என்றுதான். நான் கிடாரைக் கொண்டுவரச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். அவர் போட்ட மெழுகுக்கு அடியில், குதிரைக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்தில், இரண்டு பாதங்கள் வருஷக்கணக்கில் நின்ற தடம் வெளிறித் தெரிந்தது. முதல் தடவையே அது அங்கேதான் இருந்திருக்கும். நான் காதை மட்டுமே கொண்டுபோயிருந்தேன். தம்பி கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்தினான். குதிரையைத் தடத்தின்மேல் நகர்த்தினேன். சுருதி சேர்த்து, மணியோசையையும் அழுத்திய ஸ்வரத்தையும் மாற்றி மாற்றி மீட்டினான். இரண்டும் ஒன்றாக நின்றன. ரேடியோவில் சொருகி, அலைவரிசைக் குமிழையும் ஒழுங்காகத் திருப்பினோம். அந்தத் தடவை மிளகுக் கொடி குறுக்கே வரவில்லை.

கண்டக்டர் கிடாரை வாங்கி மடியில் வைத்து ஒரு கீர்த்தனையை மெல்ல வாசித்தார். கழுத்தில் மேலே போகப் போக அவருடைய கை தயங்கியது. அடி விழும் என்று எதிர்பார்ப்பவர் போலத் தோளைக் குறுக்கினார். ஸ்வரம் சுத்தமாக வந்தது. வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

"இது கிடாரு. காது?" என்றார்.

நியாயமான சந்தேகம்தான். அவரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கம்பியின் சாவியை மயிரிழை திருப்பியும் திருப்பாமலும் மீட்டிக் காட்டினேன். "இறங்கிருக்கு." "சரியா இருக்கு." "ஏறிருக்கு." ஒன்றும் தவறவில்லை. கடைசியாக நான் சுத்தமாக வைத்த கம்பிக்கு, கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார். இல்லை என்றேன் மிடுக்காக. சோதித்துப் பார்த்ததில் ஏறித்தான் இருந்தது. தம்பி என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான்.

அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் வந்தார்.

"தம்பி, மன்னிச்சிரணும். இத நான் குடுக்க மாட்டேன். இனி ஆர்மோனியமும் வேண்டாம், ஆளும் மாறவேண்டாம். ரேடியோப் பெட்டியக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போயி நானே வாசிப்பேன்."

அவ்வளவு சுத்தமான 'இல்லை'யை நான் அதுவரை கேட்டதே இல்லை. தம்பி அந்த சீசனுக்குக் குழுவில் சேர முடியாது என்பது அந்த நிமிஷம் முடிவாகிவிட்டது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் தலையாட்டிவிட்டு, அவருக்குக் கம்பி மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றவேண்டும், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றக்கூடாது என்று சொல்லிக்கொடுத்தான். அவனை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் அவனைப் பிடிக்கமுடியாது.

பஸ் வரும்வரை கணவனும் மனைவியும் எங்களோடு ரோட்டில் நின்றார்கள். அவர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே இருந்தார். பேச்சோடு பேச்சாக, ஒரு கோபமும் இல்லாமல், என்னிடம் சொன்னார்.

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தாயி. ஏழு வாரமா நான் கோயில்ல பாடவே இல்ல. முன்னால நின்னு வாய மட்டும் அசைச்சேன்."

அவருடைய மனைவி சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார். ஏழு ஞாயிற்றுக்கிழமையும் பக்கத்தில் நின்று பாடியவர் அவர். அவருக்கும் அது அப்போதுதான் தெரிந்தது.

பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. "அன்னிக்கே குறை கிடார்லேதான்னு தெரியும், ஏன்னுதான் தெரியலை," என்றேன். "அதை அப்படியே சொல்லியிருக்கணும்."